இருபத்து மூன்றாவது அடிக்குப் பிறகு

உள்ளே இறங்கிய காலடி இருந்தது. ஏறி வந்த காலடி இல்லை.

எபனேசர் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். காலைப் பனிதான் கண்ணை ஏமாற்றுகிறது என்று நினைத்தார், பாவம். காலடி அப்படியே இருந்தது. வலது கால் நேராகப் பதிந்திருந்தது. இடது கால் மணலில் ஒரு கோடு இழுத்துக்கொண்டே போயிருந்தது. சரிவில் ஆறு தடம், கீழே நாலு. பள்ளத்தின் நடுவில் இரண்டு பாதமும் சேர்ந்து நின்ற இடம். அதற்கு முன்னால், மட்டை மணலைச் செதுக்கிய வடு ஒன்று. அதோடு சரி.

முந்தின நாள் சாயங்காலம் அவரே ரேக்குப் போட்டுச் சமன் செய்த மணல் அது. ஏணியையும் அவரேதான் தூக்கிப்போய் ஷெட்டில் வைத்துப் பூட்டினார். சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது.

"நாப்பத்தி நாலு" என்றாள் பின்னால் நின்ற மாடத்தி.

"என்னது நாப்பத்தி நாலு?"

"டீமேக்கர் ஐயா இருபத்தி மூணாவது அடியில உக்காந்தார். அதுக்கப்புறம் தினம் ஒரு அடி அடிக்கிறார். நம்ம பொம்பளைங்க எண்ணிக்கிட்டுத்தான் வர்றாங்க சார்."

  காலடிப் பேச்சு வேலைக்காரப் பெண்களின் விளையாட்டு என்று இத்தனை நாளும் சிரித்தவர் எபனேசர்தான்.

அந்தப் பள்ளம் எப்படி வந்தது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பனிமேடு தேயிலைத் தோட்டங்களுக்கு மேலே இருக்கிறது. துரைமார் காலத்துக் கோல்ஃப் மைதானம், ஒன்பதே குழி. தூரத்தில் நின்று பந்தை அடிக்க வேண்டும். வழவழவென்று வெட்டிய பச்சைத் தரையில் ஒரு சின்னக் குழி, குழியில் ஒரு கொடி. குறைந்த அடியில் பந்தைக் குழியில் போடுகிறவன் கெட்டிக்காரன். விளையாட்டு அவ்வளவுதான். அதற்குள் மனுஷர்கள் படுகிற பாடு இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது!

எபனேசர் மைதானம் வரைகிறவர். ஐம்பத்தேழு வயது, முப்பது வருஷ அனுபவம். ஏழாம் குழியைத் திருத்தித் தரச் சொல்லிக் கிளப்காரர்கள் கூப்பிட்டார்கள். கொடிக்கு முன்னால் ஒரு மணல் பள்ளம் வரைந்தார். ஒன்றரை ஆள் ஆழம், உரல் மாதிரி உருண்டை. சுற்றிலும் புல் விளிம்பு. ஒரு பக்கம் மட்டும் மணல் சரிவு. இறங்குவது சுலபம், சறுக்கிக்கொண்டு போய்விடலாம். ஏறுவதுதான் பாடு. மணல் காலை வாரிவிடும். ரேக்குப் போடுகிற பெண்கள் ஏணி வைத்துத்தான் வெளியே வருவார்கள்.

கிளப் வராந்தாவில் காப்பிக் கோப்பையோடு நின்று பார்த்தால் அந்தப் பள்ளம் அத்தனை அழகு. தன் வாழ்நாளில் வரைந்ததிலேயே அதுதான் உசத்தி என்று எபனேசர் சொல்லுவார். அது உண்மையும்கூட.

வேலை முடிந்ததும் மலை இறங்க வேண்டியவர் இறங்கவில்லை. காரணம் மாடத்தி. புல் வெட்டுகிற, மணல் வாருகிற பெண்களுக்கு மேஸ்திரி அவள். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒரு விடியற்காலை, புல்லில் உள்ளங்கையை வைத்து, "இன்னைக்கு மத்தியானம் இங்க தண்ணி நிக்கும்" என்று அவள் சொன்னதைக் கேட்டார். வானத்தில் ஒரு மேகம் இல்லை. மத்தியானம் அதே இடத்தில் தண்ணீர் நின்றது. முப்பது வருஷம் காகிதத்தைத்தான் படித்திருக்கிறோம் என்று அவருக்குச் சுருக்கென்றது.

"எனக்கும் கத்துத் தாங்க மேஸ்திரியம்மா" என்று போய் நின்றார்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் கையில் ஒரு ரேக்கைக் கொடுத்தாள். அன்றிலிருந்து கிளப் முழுக்க இதே பேச்சு. பெரிய எஞ்சினியர் மணல் வார்றார் என்று கேலி பண்ணினார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை.

இதெல்லாம் டீமேக்கர் சாகும் முன்பு.

டீமேக்கர் கோதண்டபாணி கீழ் ஃபேக்டரியில் நாற்பது வருஷம் தேயிலை வறுத்தவர். எழுபத்தொரு வயது. ஒரு தடவை இயந்திரத்தில் மாட்டிய இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பார். பந்தில் பச்சை மையால் மூன்று புள்ளி வைத்திருப்பார், அது அவர் அடையாளம். மூன்று வாரம் முன்பு ஒரு வியாழக்கிழமை, பனி இறங்கிய நேரத்தில், அவர் பந்து அந்தப் பள்ளத்தில் விழுந்தது.

அடித்தார். சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. மறுபடி அடித்தார். மறுபடி வந்தது. பத்தாவது அடியில் கூட வந்தவர்கள் மேலிருந்து குரல் கொடுத்தார்கள்: "கையால எடுத்துட்டு வாங்க சார், யார் கேக்கப் போறா?"

"நாப்பது வருஷம் தூள்ல கலப்படம் பண்ணலை. இப்பப் போயி பந்தைக் கையால எடுப்பேனா?" என்று கீழே இருந்து பதில் வந்தது.

இருபத்து மூன்றாவது அடிக்குப் பிறகு சத்தம் வரவில்லை. எட்டிப் பார்த்தால், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் கொடிப் பக்கம் பார்த்தபடியே இருந்தது. நாலு பேர் கயிறு கட்டித்தான் அவரை மேலே தூக்கினார்கள். பந்து மட்டும் கிடைக்கவில்லை. மணலைச் சலித்துக்கூடப் பார்த்துவிட்டார்கள்.

"அவருக்கு நெஞ்சு வீக்கு" என்று எபனேசர் எல்லாரிடமும் சொன்னார். கேட்காதவர்களிடமும் சொன்னார்.

நாற்பத்து நாலாவது காலடி பார்த்த இந்த வியாழக்கிழமை, பத்து மணிக்குக் கிளப் செக்ரட்டரி பெள்ளிராஜ் வந்தார். பள்ளத்தின் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தார். காலடியைப் பார்த்ததும் இரண்டு எட்டுப் பின்னால் போனார்.

"எபனேசர், பேசாம மூடிடலாம். சனிக்கிழமை காலையில லாரியில மண்ணு வருது."

"சார், இது என் வாழ்நாள் வேலை."

"ரேக்குப் போட ஆள் வர மாட்டேங்குது. ஆடுறவங்க ஆறாம் குழியோட திரும்பிடறாங்க. காட்டுமாடுகூட இந்தப் பக்கம் மேயறதில்லைய்யா. நான் என்ன பண்ணட்டும்?"

மாடத்தி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "மூடினா, அவர் உள்ளே நிக்கும்போதே மூடுற மாதிரி ஆயிடுமே சார்."

பெள்ளிராஜ் அவளைப் பார்த்தார். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "சனிக்கிழமை" என்று மட்டும் சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தார்.

 பள்ளம் போனால் எபனேசர் வரைந்ததிலேயே நல்ல வேலை போய்விடும். மூடினால் ஒரு மனுஷனை உயிரோடு, இல்லை, உயிரில்லாமல்தான், புதைத்த பாவம் வரும். இரண்டு நாள்தான் இருந்தது.

"மேஸ்திரியம்மா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க."

"மைதானத்தை எந்தப் பக்கம் நின்னு பாக்கணும்? வரைஞ்சவன் பக்கமா, ஆடுறவன் பக்கமா? ஆடுறவன் சொல்றபடி எல்லாம் போட்டா மைதானம் வெறும் கட்டாந்தரை ஆயிடும். வரைஞ்சவன் இஷ்டத்துக்கு விட்டா..."

அவர் கண் பள்ளத்துக்குப் போனது.

"வரைஞ்ச காகிதம் இருக்கா?" என்றாள் மாடத்தி.

எப்போதும் பையில் இருக்கும். எடுத்து விரித்தார்.

"பள்ளம் எது?"

கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு வட்டத்தைக் காட்டினார்.

"இதுல ஆள் எங்க நிக்கிறார்?"

"ஆளை வரையற வழக்கம் இல்லையே."

அவள் காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். "நாளைக்கு மத்தியானம் பனி இறங்கினதும் வாங்க. ஒரு மட்டை, ஒரு பந்து கொண்டு வாங்க."

ரெண்டு எட்டு வைத்தவள் நின்றாள். திரும்பாமலே கேட்டாள்: "சார், திறப்பு நாளன்னைக்கு இதுல முதல் பந்து அடிச்சீங்கதானே?"

பனிமேட்டில் ஒரு வழக்கம் உண்டு. குழி தினம் இடம் மாறும். ஒரே இடத்தில் இருந்தால் சுற்றிலும் புல் செத்துவிடும். விடியற்காலையில் வேறு இடத்தில் புதுக்குழி வெட்டி, அங்கே எடுத்த புல்கட்டியைப் பழைய குழியில் வைத்து அடைப்பார்கள். குழி வெட்டினவர் முதல் பந்தைப் போட்ட பிறகுதான் கொடி ஊன்றலாம். புதுப் பள்ளம் என்றாலும் அப்படியே. அதை உண்டாக்கினவர் உள்ளே இறங்கி, முதல் பந்தை வெளியே அடிக்க வேண்டும். அடிக்காமல் விட்டால் பள்ளம் காத்துக்கொண்டே இருக்கும் என்று அந்தப் பெண்கள் சொல்லுவார்கள்.

"அடிச்சேனே" என்றார் எபனேசர்.

பொய். முப்பத்தைந்து வயதிலேயே மட்டையைக் கீழே வைத்தவர் அவர். சின்ன அடி அடிக்கும்போதெல்லாம் கை நடுங்கும். எத்தனையோ வைத்தியம் பார்த்தும் நிற்கவில்லை. திறப்பு நாள் காலையில் பந்தும் கையுமாகப் பள்ளத்தின் விளிம்பு வரை போனார். தூரத்தில் பெண்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிரித்துவிடுவார்களோ என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்து, அடித்தாயிற்று என்றார். மாடத்தி கொடியை ஊன்றினாள்.

"சரி சார்" என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை நாற்பத்தைந்து.

மத்தியானம் மூன்று மணிக்குப் பனி இறங்கியது. முதலில் கற்பூர மரங்கள் மறைந்தன. அப்புறம் கிளப் கட்டடம். எபனேசர் ஏழாம் குழிக்குப் போனபோது கொடி இல்லை. மாடத்தி அதைப் பிடுங்கிப் புல்லில் படுக்க வைத்திருந்தாள். பக்கத்தில் ஏணி இருந்தது.

"இறங்குங்க சார்."

ஏணி வழியாக இறங்கினார். கால் மணலில் பட்டதும் ஏணி மேலே போய்விட்டது.

"மேஸ்திரியம்மா! ஏணி!"

"டீமேக்கர் ஐயாவுக்கு ஏணி இருந்துச்சா சார்?"

 "இல்ல."

"அடிங்க."

கீழிருந்து பார்த்தால் அது அவர் வரைந்த பள்ளமே இல்லை. வராந்தாவிலிருந்து தெரிந்த அந்த உருண்டையான அழகு எங்கே போயிற்றோ! சுற்றிலும் சுவர். மேலே ஒரு வட்டம், அதுவும் பனியில் வெள்ளை. கொடிப் பக்கம் எது என்றுகூடக் கொஞ்ச நேரம் யோசிக்க வேண்டியிருந்தது.

பந்தைப் போட்டார். கை நடுங்கியது. அடித்தார். மணல் முகத்தில் தெறித்தது. பந்து சுவரில் மோதி, உருண்டு வந்து, அவர் ஷூவைத் தொட்டு நின்றது.

இரண்டு. மூன்று. நாலு. ஒவ்வொரு தடவையும் பந்து அதே இடத்துக்கு வந்தது. நாயைப் பழக்கினால்கூட இவ்வளவு சரியாக வராது.

ஆறாவது அடியில்தான் அந்தச் சத்தத்தைக் கவனித்தார். அவர் அடித்துக் கொஞ்ச நேரம் கழித்துப் பின்னாலிருந்து, சரக் என்று, மட்டை மணலைச் செதுக்கும் சத்தம். எதிரொலி என்று நினைத்துக்கொண்டார். சுவர் இருக்கிறதே, எதிரொலிக்காதா என்ன?

ஒன்பதாவது அடிக்கு மட்டையை ஓங்கியவர் அப்படியே நிறுத்தினார். மூச்சையும் பிடித்துக்கொண்டார்.

சரக்.

அவர் அடிக்கவே இல்லை.

அப்புறம் வாசனை வந்தது. தேயிலை வறுக்கிற வாசனை, சட்டையில் ஏறி எத்தனை துவைத்தாலும் போகாத அந்த வாசனை. ஃபேக்டரி நாலு மைல் கீழே இருக்கிறது. 

"மேஸ்திரியம்மா!"

"இங்கதான் இருக்கேன்." குரல் எங்கோ தூரத்திலிருந்து வந்தது.

மெதுவாகத் திரும்பினார். யாரும் இல்லை. மணலில் மட்டும் தடம் இருந்தது. வலது கால் நேராக, இடது கால் கோடு இழுத்துக்கொண்டு, சரிவிலிருந்து அவர் பக்கமாக வந்து, அவர் குதிகாலுக்கு ஒரு முழம் தள்ளி நின்றிருந்தது. இரண்டு பாதம் சேர்ந்து நின்ற இடத்தில் மணல் கொஞ்சம் கொஞ்சமாக அழுந்தியது. முதலில் வலது பக்கம், அப்புறம் இடது பக்கம். அடிக்கும் முன் ஆட்டக்காரன் காலை மாற்றி மாற்றி ஊன்றிப் பார்ப்பானே, அதே மாதிரி.

எபனேசர் மட்டையைப் போட்டுவிட்டு அலறினார்.

"நான் அடிக்கலை! முதல் பந்து நான் அடிக்கலை! பொய் சொன்னேன்!"

பனி அசையவில்லை. 

"தெரியும் சார்" என்றாள் மாடத்தி.

"தெரியுமா?"

"அன்னைக்கு நீங்க போனப்புறம் வந்து பாத்தேன். மணல்ல ஒரு காலடி இல்ல."

"அப்புறம் ஏன் கொடி ஊன்றினீங்க?"

அவள் விளிம்பில் வந்து உட்கார்ந்தாள்.  "படிச்சவர் சொல்றார், நாம என்னத்தச் சொல்றதுன்னு ஊன்றிட்டேன். அது என் தப்பு. மூணு வாரமா எனக்குச் சோறு எறங்கலை சார்."

எபனேசர் மணலில் உட்கார்ந்துவிட்டார். அழுகை வந்தது. ஐம்பத்தேழு வயசு மனுஷன் பள்ளத்துக்குள் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். பக்கத்தில் அந்தத் தடம் நகராமல் இருந்தது.

"சார்."

"ம்."

"இவ்வளவு நேரமும் எந்தப் பக்கம் அடிச்சீங்க?"

"கொடிப் பக்கம்தான். வேற எந்தப் பக்கம் அடிப்பாங்க?"

"கொடிதான் இல்லையே இப்ப."

அவர் தலையைத் தூக்கினார். எழுந்து, ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். முன்னால் சுவர், சரி, அது இருக்க வேண்டும். அந்தச் சுவரைத் தாண்டி அடிப்பதில்தானே ஆட்டமே இருக்கிறது. வலது பக்கம் சுவர். இடது பக்கம் மேலிருந்து இறங்குகிற மணல், காலும் நிற்காது, பந்தும் நிற்காது. பின்னால்?

பின்னாலும் சுவர். கொடிக்கு எதிர்ப் பக்கம், ஒருவருக்கும் இடைஞ்சல் இல்லாத பக்கம். அங்கே எதற்குச் சுவர்?

அவருக்கு ஞாபகம் வந்தது. முதலில் வரைந்தபோது பின்பக்கம் திறந்துதான் இருந்தது. வராந்தாவிலிருந்து பார்த்தால் வட்டம் ஒரு பக்கம் உடைந்த மாதிரி தெரிந்தது. பென்சிலால் ஒரே ஒரு கோடு போட்டு வட்டத்தை முடித்தார்.

"மேஸ்திரியம்மா, ஒரு மண்வெட்டி வேணும்."

சொல்லி முடிப்பதற்குள் மண்வெட்டி மணலில் வந்து விழுந்தது. அவள் கொண்டுவந்து வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள்.

எபனேசர் பின்சுவருக்குப் போனார். மண்வெட்டியை ஓங்கியவர், தயங்கி, பக்கத்து மணலைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க ஐயா, மண்ணு விழும்" என்றார். அப்படிச் சொன்னதை நினைத்து அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

மேலே மாடத்தி இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தாள். பனிக்குள்ளிருந்து ஒவ்வொருத்தியாக ஆறு பெண்கள் வந்தார்கள். விளிம்பிலிருந்து எட்டிப் பார்த்து எண்ணியதோடு சரி, மூன்று வாரமாகப் பள்ளத்தில் கால் வைக்காதவர்கள்.  சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மேலிருந்து வெட்ட ஆரம்பித்தார்கள். எபனேசர் கீழிருந்து வெட்டினார். உள்ளங்கை இரண்டும் கொப்புளித்து உடைந்தது. முன்சுவரில் அவர் கை வைக்கவில்லை. மாடத்தியும் வைக்கச் சொல்லவில்லை.

ஐந்தரை மணிக்கு வழி திறந்தது. சின்னப் பிள்ளைகூட ஏறி வரக்கூடிய சரிவு, கொடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

"ஏணி போடட்டுமா சார்?" என்றாள் ஒருத்தி.

"வேண்டாம்மா."

பந்தை எடுத்துப் போட்டார். ஏழு பெண்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கை நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டு, கொடிக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு அடித்தார். படுமோசமான அடி. பந்து கோணலாகத் தத்தித் தத்தி, வெட்டின வழியில் ஏறி, மேலே புல்லில் போய் நின்றது.

யாரும் சிரிக்கவில்லை. ரேக்கு வாங்கி மணலைச் சமன் செய்துகொண்டே, தன் காலடியைத் தானே அழித்துக்கொண்டு, அவர் பின்பக்கமாக நடந்து மேலே வந்தார். மாடத்தி புல்லில் கிடந்த கொடியை எடுத்துக் குழியில் ஊன்றினாள்.

சனிக்கிழமை விடிந்தபோது இருவரும் பள்ளத்தின் விளிம்பில் நின்றிருந்தார்கள்.

சரிவில் இறங்கிய காலடி இருந்தது. நடுவில் நின்ற தடம் இருந்தது. அங்கே பாதம் இரண்டும் திரும்பியிருந்தன. மட்டை செதுக்கிய வடு பின்பக்கம் பார்த்திருந்தது. அப்புறம் புது வழியில், வலது கால் நேராக, இடது கால் கோடு இழுத்துக்கொண்டு, ஏறிப் போன காலடி.

எபனேசர் எண்ணவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார்.

பெள்ளிராஜ் வந்தார். "லாரி கீழே நிக்குது. என்னய்யா பண்ணி வச்சிருக்கீங்க?"

 அவர் எட்டிப் பார்த்தார். ஏறிப் போன காலடியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். என்ன தோன்றியதோ, பள்ளத்துக்குள் இறங்கினார். நடுவில் நின்று முன்சுவரை அண்ணாந்து பார்த்தார். "யப்பா!" என்றார். அப்புறம் திரும்பி, அந்தக் காலடிகளை மிதிக்காமல் ஒதுங்கி ஒதுங்கி, பின்வழியாக நடந்து வெளியே வந்தார். மூச்சு வாங்கவில்லை.

"மண்ணை வேற எங்கயாவது கொட்டச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

காலடி வெளியே வந்த இடத்திலிருந்து பனித்துளி படிந்த புல்லில் ஒரு தடம் தொடங்கியது. மாடத்தி அதன் பக்கவாட்டில் நடந்தாள். எபனேசர் பின்னால் போனார். பத்தடி தூரத்தில், புல்லில் மட்டை பட்டுப் பெயர்ந்த ஒரு சின்ன வெட்டு. அங்கிருந்து தடம் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு, அவசரமில்லாமல், கொடிக்குப் போயிருந்தது.

புதுக்குழி வெட்டும் நேரம் ஆகிவிட்டது. மாடத்தி கொடியை எடுத்துப் படுக்க வைத்தாள். மண்டி போட்டு, பழைய குழியை அடைக்கும் முன் வழக்கம்போல உள்ளே கையை விட்டாள். கை நின்றது.

வெளியே எடுத்தபோது உள்ளங்கையில் ஒரு பந்து இருந்தது. ஈரம். மணல் ஒட்டியிருந்தது. பச்சை மையில் மூன்று புள்ளி.

"நாப்பத்தெட்டு" என்றாள் மெல்ல. "பள்ளத்துல நாப்பத்தாறு, புல்லுல நாப்பத்தேழு, குழிக்கு ஒண்ணு. நாப்பத்தெட்டுல முடிச்சிட்டார்."

எபனேசர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டார். நெஞ்சில் மூன்று வாரமாக இருந்த பாரம் இறங்கியது போலவும் இருந்தது, இன்னும் ஏதோ மிச்சம் இருப்பது போலவும் இருந்தது.

மாடத்தி பந்தை முந்தானையில் துடைத்தாள். எழுந்து, குழியிலிருந்து எதிர்த்திசையில் நடக்க ஆரம்பித்தாள். பள்ளத்தைத் தாண்டி, நீளப் புல்வெளியைத் தாண்டி, ஏழாம் குழிக்கு முதல் அடி அடிக்கிற மேடை வரை போனாள். அங்கே குனிந்து, பந்தைப் பத்திரமாகப் புல்லில் வைத்தாள்.

மூச்சிரைக்கப் பின்னால் வந்த எபனேசர் பந்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எதுக்கு மேஸ்திரியம்மா? அவர்தான் வெளியே போயிட்டாரே. இனிமே வர மாட்டாரில்ல?"

மாடத்தி கையில் ஒட்டிய மணலைத் தட்டினாள்.

"ஏன் வராம? இத்தனை நாளா மாட்டிக்கிட்டு வந்தார். இனிமே ஆடறதுக்கு வருவார்."